விடியா டிப்பும் விடியாத பட்டறையும்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, நான் படிக்கிறது பி.காம். டெபிட், கிரெடிட், டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா ராத்திரி தூக்கம் வராத ஜாதி. "உனக்கு எதுக்குடா மில்லிங் மெஷின் பஞ்சாயத்து?"ன்னு கேட்டா, நியாயமான கேள்விதான். எனக்கு மெஷின் ஓட்டத் தெரியாது. ஆனா பில் படிக்கத் தெரியும். ரெண்டு வருஷமா எங்க மாமா பட்டறைக்குக் கணக்கு எழுதறது நான்தான். அந்தக் கணக்கு நோட்டுதான் என்னை இந்தப் பஞ்சாயத்துக்கு இழுத்து விட்டுச்சு.

நாவலூர்னா கண்ணாடிக் கட்டடமும் ஐ.டி. கம்பெனி பஸ்ஸும் மட்டும்தான்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். ஓ.எம்.ஆரை விட்டு உள்ளே திரும்பி, தாழம்பூர் ரோட்டில கொஞ்ச தூரம் போனீங்கன்னா ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டுகள் வரும். அதுல ஒண்ணுதான் மாமாவோடது. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், செகண்ட் ஹேண்டில வாங்கின ஒரு டரெட் மில்லிங் மெஷின். மோட்டார் 2 எச்.பி. ஆள் மூணு பேர்.

என் கிளாஸ்மேட்ஸுக்காக ஒரு வரி விளக்கம். இரும்புத் தகட்டோட மேல்பக்கத்தைச் சமமா சீவறதுக்கு ஒரு வட்டமான கட்டர் இருக்கும். அதோட விளிம்பில சின்னச் சின்னக் கார்பைடு துண்டுகளை ஸ்க்ரூ போட்டு உட்கார வெச்சிருப்பாங்க. அந்தக் கட்டர் பேருதான் ஃபேஸ் மில். துண்டு பேரு டிப். நம்ம ஊர்ப் பட்டறைகள்ல அதை "விடியா"ம்பாங்க. 1920களில் ஜெர்மனியில க்ரூப் கம்பெனி வெச்ச பேர் அது, "வைரம் போல"ங்கிற ஜெர்மன் சொற்களோட சுருக்கம். 1964-ல பெங்களூர்ல விடியா இந்தியா ஆரம்பிச்சாங்க, 2002-ல அது கென்னாமெட்டல் கைக்குப் போயிடுச்சு. கம்பெனி கை மாறினாலும் பட்டறையில பேர் மாறலை. எந்தக் கம்பெனி கார்பைடா இருந்தாலும் அது விடியாதான். எங்க கணக்கு நோட்டைப் பார்த்தா, பேருக்குத் தமிழ் அர்த்தமும் சரியாவே பொருந்துது :-)

சரி, நடந்த கதைக்கு வர்றேன்.

நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல ஆக்மின்னு ஒரு மெஷின் டூல் கண்காட்சி நடக்கும். அம்பத்தூர் எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கம் நடத்தறது. மாமா போயிட்டு வந்தார். அங்கே ஏதோ ஒரு பெரிய மெஷின், கையகல கட்டரைப் போட்டு எஃகை வெண்ணெய் மாதிரி வழிச்சு எடுத்திருக்கு. மனுஷன் ரெண்டு நாள் அதே பேச்சு. மூணாவது நாள் பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்குப் போய் 100 மி.மீ. ஃபேஸ் மில் வாங்கிட்டு வந்துட்டார். ஆறு டிப். ஒவ்வொரு டிப்புக்கும் எட்டு முனை. "ஒரு முனை போனா திருப்பி வெச்சுக்கலாம் சார், எட்டு தடவை. இதைவிடச் சிக்கனம் எதுவும் இல்லை"ன்னு கடைக்காரர் சொன்னாராம்.

அந்தக் கட்டர் வந்த நாளிலிருந்து மெஷின் அலற ஆரம்பிச்சது. சும்மா சொல்லலை, ரோட்டுல டீ குடிக்கிறவங்க திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. பெல்ட் வழுக்கும். டேபிள் உதறும். ஜாப் மேல மீன் செதில் மாதிரி வரி விழும். ஒரு நாள் டிப் தெறிச்சு ஆபரேட்டர் அண்ணன் கன்னத்தில கோடு போட்டுச்சு. கண்ணுக்கு ரெண்டு விரல் கீழே. மருந்து போட்டுட்டு வந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "முதலாளி, டிப் காசை இந்த மாசச் சம்பளத்திலயே பிடிப்பீங்களா?"

மாமா பிடிச்சார். அந்த வவுச்சரை எழுதினது நான். அதான் இந்தப் பதிவு.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: சின்ன மெஷின்ல டிப் உடைஞ்சா, பத்துக்கு எட்டு தடவை தப்பு ஆபரேட்டர் கையில இல்லை. கட்டரை வாங்கினவர் கையில இருக்கு. (பத்துக்கு எட்டு நான் நோட்டைப் பார்த்துச் சொல்ற குத்துமதிப்பு. ஆராய்ச்சி எதுவும் இல்லை.) கட்டரை ஜாப் அகலத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, கேட்டலாக் பார்த்து வாங்கக் கூடாது. மோட்டார்ல எத்தனை எச்.பி.ன்னு எழுதியிருக்கிற அந்தச் சின்னத் தகட்டைப் பார்த்து வாங்கணும்.

இதுக்கு எதிரா மூணு பொய் புழங்குது. ஒண்ணு ஒண்ணா எடுத்துக்குவோம்.

பொய் 1: "பெரிய கட்டர் போட்டா வேலை சீக்கிரம் முடியும்"

கட்டருக்குச் சொந்தமா பலம் கிடையாது. பலம் மோட்டாருடையது. மைல்ட் ஸ்டீலை வெட்ட, கட்டர் முனையில ஒரு கிலோவாட்டுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 25 கன செ.மீ. இரும்பு சீவலாம். இது தோராய விதி. டிப் புதுசா, பழசாங்கிறதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். 2 எச்.பி.ன்னா 1.5 கிலோவாட். பெல்ட், கியர், பேரிங் எல்லாம் தின்னது போக முனைக்கு வந்து சேர்றது 1.1. ஆக அந்த மெஷினோட மொத்தச் சக்தி நிமிஷத்துக்கு 30 கன செ.மீ.க்கு உள்ளேதான்.

இப்போ 100 மி.மீ. கட்டரைக் கேட்டலாக்ல சொல்ற மாதிரி ஓட்டுவோம். வெட்டும் வேகம் நிமிஷத்துக்கு 150 மீட்டர். ஐ.டி.ஐ. பையன் எவனைக் கேட்டாலும் சொல்ற சூத்திரம்தான், சுற்று எண்ணிக்கை சுமார் 477. ஒரு டிப்புக்கு 0.15 மி.மீ., ஆறு டிப், அப்போ ஃபீட் நிமிஷத்துக்கு 430 மி.மீ. ஜாப் அகலம் 75, ஆழம் 2. எல்லாத்தையும் பெருக்கிப் பாருங்க. 64 கன செ.மீ. மெஷினால முடியறது 30. அதாவது ரெண்டு மடங்குக்கு மேல கேட்கிறோம். ஒத்த மாட்டு வண்டியில ஒரு லாரி லோடு.

ஆபரேட்டர் என்ன செய்வார்? மெஷின் திணறுதுன்னு ஃபீடைக் குறைப்பார். நிமிஷத்துக்கு 200 மி.மீ.க்கு வந்தாதான் மெஷின் மூச்சு விடும். அப்போ ஒரு டிப்புக்குக் கிடைக்கிற சீவல் 0.07 மி.மீ. கட்டர் முனை 45 டிகிரி சாய்வா இருந்தா சீவலோட நிஜத் தடிமன் இன்னும் குறைஞ்சு 0.05. எட்டு முனை டிப்போட விளிம்பை அடி தாங்கணும்னு மழுக்கியே செஞ்சிருப்பாங்க. மழுங்கின கத்தியை வெச்சு 0.05 மி.மீ. சீவச் சொன்னா அது சீவாது, தேய்க்கும். தேய்ச்சா சூடு. சூட்டோட அலறல். அலறலோட உடைசல். சின்ன மெஷின்ல கட்டர் உடையறது பேராசையால மட்டும் இல்லை, பயந்து பயந்து ஓட்டறதாலயும்தான்.

இப்போ 50 மி.மீ. கட்டர், மூணு டிப். அதே 150 மீட்டர் வேகத்துக்கு 955 சுற்று. அகலத்தை ரெண்டாப் பிரிச்சு 38, 38. ஆழம் அதே 2. ஃபீட் 390. இதுவும் 30 கன செ.மீ.க்குள்ளதான். ஆனா ஒரு டிப்புக்கு 0.136 மி.மீ. கிடைக்குது. டிப் நிஜமாவே வெட்டுது.

நேரம்? 200 மி.மீ. நீள ஜாப்பை எடுத்துக்கோங்க. பெரிய கட்டர் ஒரே ஓட்டத்தில முழுசா வெளியே வர 300 மி.மீ. போகணும். நிமிஷத்துக்கு 200 வீதம் 90 செகண்ட். சின்னது ரெண்டு ஓட்டம், ஒவ்வொண்ணும் 250. மொத்தம் 500 மி.மீ., 390 வீதம் 77 செகண்ட். டேபிளைப் பின்னாடி கொண்டுவந்து ஒதுக்கி வைக்கிற நேரத்தையும் சேர்த்தா ரெண்டும் ஏறக்குறைய சமம். காசு அதிகமாக் கொடுத்து வாங்கின கட்டர் மிச்சப்படுத்தின நேரம் எவ்வளவு? கணக்கு நோட்டுல போட ஒரு எண்ணும் இல்லை!

இன்னொண்ணையும் கவனிங்க. அதே 1.1 கிலோவாட்டை 477 சுற்றுல கொடுக்கிறப்போ முறுக்கு விசை சுமார் 22 நியூட்டன் மீட்டர். 955 சுற்றுல 11. பெரிய கட்டர் போட்டா பலம் கூடாது, ஆனா பெல்ட்டும் ஸ்பிண்டிலும் தலையும் தாங்க வேண்டிய முறுக்கு ரெண்டு மடங்கு ஆகுது. பெல்ட் ஏன் வழுக்குச்சுன்னு இப்போ புரியுதா?

டரெட் மில்லிங்கோட பூர்வீகம் அமெரிக்காவில 1938-ல ஆரம்பிச்ச பிரிட்ஜ்போர்ட் கம்பெனி. இப்படியும் அப்படியும் சாயற தலை, முன்னும் பின்னும் நகர்ற கை. எந்த வேலைக்கும் வளைஞ்சு கொடுக்கிற மெஷின். டூல் ரூம்ல நூறு விதமான சின்ன வேலை செய்யப் பிறந்தது. அந்த வளைஞ்சு கொடுக்கிற குணமே பெரிய கட்டருக்குப் பலவீனம். நாலா பக்கமும் ஜாயின்ட் இருக்கிற மெஷின் விறைப்பா நிக்காது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓடற பெரிய வி.எம்.சி.யை மனசில வெச்சு எழுதின கேட்டலாக்கை இதுக்குப் பொருத்தறது, யானைப் பாகன் எழுதின புத்தகத்தை வெச்சு ஆட்டுக்குட்டி வளர்க்கிற மாதிரி.

பொய் 2: "எட்டு முனை டிப்தான் சிக்கனம்"

இது நேரா என் டிபார்ட்மென்ட். அதனால கோபம் கொஞ்சம் அதிகமாவே வரும், பொறுத்துக்கோங்க.

கணக்குக்காக மட்டும் ரெண்டு விலை வெச்சுக்குவோம். எட்டு முனை டிப் 400 ரூபாய், நாலு முனை டிப் 320 ரூபாய். முனைக்கு 50, முனைக்கு 80. கடைக்காரர் இங்கேயே கால்குலேட்டரை மூடிடுவார். நான் இங்கேதான் திறப்பேன். பெரிய கட்டர்ல ஆறு டிப். ஒரு தடவை முனை மாத்தினா ஆறையும் மாத்தணும், 300 ரூபாய். சின்னக் கட்டர்ல மூணு டிப், ஒரு தடவைக்கு 240. "சிக்கனமான" டிப்தான் ஒவ்வொரு தடவையும் 60 ரூபாய் அதிகமாத் தின்னுது.

அதை விடுங்க. எட்டு முனைங்கிறது எட்டும் தேயற வரைக்கும் உயிரோட இருந்தாத்தானே? தேய்ஞ்சு போற டிப்பைத்தான் திருப்பி வைக்க முடியும். உடைஞ்சு போற டிப்பை வைக்க முடியாது. ஒரு மூலை பெரிசா தெறிச்சா அடிப்பக்க முனைகளும் சேர்ந்து போயிடும். எங்க நோட்டுல பார்த்தேன். எட்டு முனையையும் முழுசா அனுபவிச்சுச் செத்த டிப் ஒண்ணுகூட இல்லை. மூணு, நாலுலயே பரலோகம். அப்போ முனைக்கு 50 இல்லை, 100க்கும் மேல. டிப் உடையறப்போ கட்டர்ல அது உட்கார்ற இடமும் அடி வாங்கினா, கட்டரே தண்டம்.

காஸ்ட் அக்கவுண்டிங்ல மெஷின் அவர் ரேட்னு ஒரு கணக்கு வரும். வாடகை, தேய்மானம், கரன்ட் எல்லாத்தையும் மணிக்கணக்குக்குப் பிரிச்சுப் போடுவோம். பரிட்சையில 15 மார்க். ஆனா அந்த மெஷின் ஒரு மணியில நிஜமா எவ்வளவு இரும்பு சீவும்னு ஒரு கேள்விகூட நான் பார்த்த வரைக்கும் வந்ததில்லை. விலையைப் பார்க்கக் கத்துக் கொடுத்தாங்க, வேலையைப் பார்க்கக் கத்துக் கொடுக்கலை. கொட்டேஷன்ல எது குறைச்சலோ அதுக்கு டிக் அடிக்கிற கூட்டமா நாளைக்கு நாமதான் கம்பெனிகளுக்குப் போகப் போறோம் மக்களே. பயமா இல்லை?

டிப் பெட்டி மேல இருக்கிற எழுத்தைப் படிக்கக் கத்துக்கோங்க. பி.காம். மூளைக்கே ஏறிடுச்சு, உங்களுக்கு ஏறாதா? முதல் எழுத்து டிப்போட வடிவம். ரெண்டாவது எழுத்துதான் நமக்கு முக்கியம், அது பக்கவாட்டுச் சாய்வு. "என்"னு இருந்தா 0 டிகிரி. சாய்வே இல்லை, அதனால ரெண்டு பக்கமும் முனை வைக்க முடியுது, அதனால எட்டு. "சி"ன்னா 7 டிகிரி, "பி"ன்னா 11, "டி"ன்னா 15, "ஈ"ன்னா 20. எஸ்.என்.எம்.எக்ஸ்.ல ரெண்டாவது எழுத்து என். ஏ.பி.கே.டி.யில பி. எஸ்.இ.கே.டி.யில ஈ. சின்ன மெஷினுக்கு ரெண்டாவது எழுத்து "என்"னா இருந்தா கும்பிடு போட்டுட்டு அடுத்த பெட்டியைப் பாருங்க. இப்போ வர்ற சில இருபக்க டிப்கள்ல மேல பள்ளம் எடுத்து லேசா வெட்ட வைக்கிறாங்கதான். ஆனா பேருக்கு ஒரு விதி வேணும்னா இதுதான் பத்திரமான விதி.

பொய் 3: "மெதுவா ஓட்டினா டிப் நிக்கும்"

இது முதலாளிங்க எல்லாரும் பரம்பரையா சொல்ற வாக்கு. ஹெச்.எஸ்.எஸ். கட்டர் காலத்து ஞானம். ஹெச்.எஸ்.எஸ்.க்கு அது சரி, மைல்ட் ஸ்டீல்ல நிமிஷத்துக்கு 25, 30 மீட்டர் போதும். கார்பைடுக்கு அதே வேகம் விஷம். வேகம் பத்தலைன்னா வெட்டின இரும்பே முனையில ஒட்டிக்கும். ஒட்டினது பிய்ச்சுக்கிட்டுப் போறப்போ முனையையும் கொஞ்சம் கடிச்சுட்டுப் போகும். கார்பைடு சரியா வெட்டுதுன்னா சூடு சீவலோட போகணும். எஃகுச் சீவல் வைக்கோல் நிறத்திலயோ நீலமாவோ வந்தா பயப்படாதீங்க, அது ஆரோக்கியம். வெள்ளையா, நறுங்கிப்போய்த் தூளா வந்தாத்தான் கவலைப்படணும்.

அதோட ஒட்டிப் பிறந்த தம்பிப் பொய் ஒண்ணு இருக்கு: "அப்பப்போ கூலன்ட் ஊத்து." பாட்டில்ல இருந்து பீச்சிப் பீச்சி அடிப்பாங்க. சுற்றுற டிப் வெட்டறப்போ கொதிக்கும், வெளியே வந்தா ஆறும். நடுவுல சில்லுன்னு தண்ணி பட்டா சூட்டுப் பாத்திரத்தில தண்ணி ஊத்தின கண்ணாடி கதைதான். மயிரிழை விரிசல் விழும். எஃகை கார்பைடால மில்லிங் பண்றப்போ ஒண்ணு வெள்ளமா ஊத்தணும், இல்லை சுத்தமா ஊத்தக் கூடாது. நம்ம பட்டறைக்கு ரெண்டாவதுதான் சரி. அலுமினியத்துக்கு மட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒட்டாம இருக்க.

இன்னொண்ணு. கருப்புத் தோலோட வர்ற பிளேட்டை "பயந்து 0.2 எடு"ம்பாங்க. அந்தத் தோல்தான் பிளேட்லயே கெட்டியான இடம். 0.2 எடுத்தா முனை முழுக்க அந்தத் தோல்லயே புரளும். முதல் வெட்டு 1 மி.மீ.யாவது இறங்கி, முனை தோலுக்குக் கீழே இருக்கிற மெதுவான இரும்பில ஓடணும்.

அப்போ எதைத்தான் வாங்கறது?

திட்டிட்டு மட்டும் போனா அது மொக்கைப் பதிவு ஆயிடும். 2, 3 எச்.பி. மெஷின் வெச்சிருக்கிறவங்களுக்கு, எங்க ஆபரேட்டர் அண்ணன் கிட்ட உட்கார்ந்து கேட்டு எழுதின லிஸ்ட்:

1. இரும்புக்கு 50 மி.மீ. கட்டர் போதும். மீறினா 63. மூணு இல்லை நாலு டிப். நாலு வாங்கினா ஒரு டிப்புக்கு எவ்வளவு சீவல் கிடைக்குதுன்னு கணக்கு போட்டுட்டு வாங்குங்க. 0.1க்குக் கீழே போகுதுன்னா ஆழத்தைக் குறைங்க, ஃபீடைக் குறைக்காதீங்க.

2. தடியான பிளேட்டை வைஸ்ல இறுக்கிப் பிடிச்சிருந்தா 45 டிகிரி கட்டர். அது ஜாப்பைக் கீழே அமுக்கும், மெதுவா உள்ளே நுழையும், ஓரம் பிய்க்காது. மெல்லிசுத் தகடு, பிடிமானம் சந்தேகம்னா 90 டிகிரி. அது பக்கவாட்டுல தள்ளும், தகட்டை வளைக்காது. ஓரப் படியும் அதுலயே எடுக்கலாம்.

3. கட்டர் நடுவும் ஜாப் நடுவும் ஒரே கோட்டில நிக்கக் கூடாது. கொஞ்சம் ஒதுக்கி ஓட்டுங்க. கட்டர் அகலத்தில முக்கால் பங்குக்கு மேல ஒரே ஓட்டத்தில வெட்டாதீங்க.

4. பழைய மெஷின்ல ஸ்க்ரூவில ப்ளே இருக்கும். கட்டர் சுத்தற திசையிலயே டேபிளைத் தள்ளினா அது ஜாப்பை இழுத்துக்கிட்டு ஓடிடும். எதிர்த்துத் தள்ளுங்க. ஓட்டாத ரெண்டு பக்கத்தையும் லாக் பண்ணுங்க. குவில்லை முழுசா மேலே ஏத்தி லாக் பண்ணிட்டு, ஆழத்தை டேபிளை ஏத்தி எடுங்க.

5. கட்டர் போடறதுக்கு முன்னாடி டயல் கேஜ் வெச்சுத் தலை நேரா இருக்கான்னு பாருங்க. தலை சாய்ஞ்சிருந்தா ஜாப் நடுவில பள்ளம் விழும். 150 மி.மீ.க்கு 0.2 சாய்ஞ்சிருந்தா, 75 அகலத்தை ஒரே ஓட்டத்தில எடுக்கிற 100 மி.மீ. கட்டர் சுமார் 22 மைக்ரான் பள்ளம் போடும். 38 எடுக்கிற 50 மி.மீ. கட்டர் போடறது சுமார் 12. சின்னக் கட்டர் நம்ம சோம்பேறித்தனத்தையும் கொஞ்சம் மன்னிக்கும்.

6. அலுமினியத்துக்குத் தனி டிப். பாலீஷ் போட்டு, கூர்மையா அரைச்சது. ஸ்டீல் டிப்பையே வெச்சு ஓட்டினா அலுமினியம் அப்பிக்கும்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். "ரெண்டு ஓட்டமா எடுத்தா நடுவுல படி விழுமே? பெரிய கட்டர்ல ஒரே வழிப்பு, கண்ணாடி மாதிரி வருமே?" நல்ல கேள்வி. இதுக்குப் பதில் பெரிய ஃபேஸ் மில் இல்லை, ஃப்ளை கட்டர்.

ஃப்ளை கட்டரைப் பட்டறைகள்ல ஏழைப் பங்காளின்னு ஏளனமாப் பார்க்கிறாங்க. ஒரு உருளை, அதுல சாய்வா ஒரு பள்ளம், ஒரே ஒரு டூல் பிட், ரெண்டு ஸ்க்ரூ. லேத் இருக்கிற எந்தப் பட்டறையிலயும் அரை நாள்ல சொந்தமாச் செஞ்சுக்கலாம். டூல் பிட்டுக்குப் பஞ்சமே இல்லை, கட்டிங் டூல் செய்ற அடிசன் கம்பெனியே 1873-லிருந்து நம்ம சென்னையில இருக்கு. ஆறு டிப் கட்டர்ல ஒரு டிப் முடியளவு தூக்கிட்டு உட்கார்ந்தாலும் அது தனியாக் கோடு போடும். ஃப்ளை கட்டர்ல ஒரே முனை. யாரோட சண்டை போடும்? அதனாலதான் ஒழுங்காத் தீட்டின ஃப்ளை கட்டர் ஃபினிஷ் அவ்வளவு அழகா வருது. கடைசி 0.1, 0.2 மி.மீ.யை மட்டும் அதுகிட்ட விடுங்க.

அதுக்காக அதை வெச்சே எல்லாம் செய்யலாம்னு நான் சொல்லலை. ஹெச்.எஸ்.எஸ். பிட் போட்டு எஃகை வெட்டினா 80 மி.மீ. வட்டத்துக்கு நிமிஷத்துக்கு 110 சுற்றுதான். சுற்றுக்கு 0.12 வீதம் ஃபீட் 13 மி.மீ. நம்ம 200 மி.மீ. ஜாப்புக்கு இருபது நிமிஷத்துக்கு மேல. டீ குடிச்சுட்டு, பஜ்ஜியும் சாப்பிட்டுட்டு வரலாம். வேலை சுமையைச் சின்ன ஃபேஸ் மில் சுமக்கட்டும், அலங்காரத்தை ஃப்ளை கட்டர் செய்யட்டும். ஆளுக்கு ஒரு வேலை.

கடைசியா, அந்த வவுச்சர்

இந்தப் பதிவு எழுத உட்கார்ந்ததே இதுக்காகத்தான்.

நாம பரிட்சைக்கு மனப்பாடம் பண்ற தொழில் சட்டத்தில 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் ஒண்ணு உண்டு. பொருள் சேதத்துக்காகத் தொழிலாளி சம்பளத்தில பிடிக்கணும்னா, அந்தச் சேதம் அவரோட கவனக்குறைவாலோ தவறாலோதான் நேரடியா நடந்திருக்கணும். பிடிக்கிறதுக்கு முன்னாடி அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கணும். அந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்திருக்கிற 2019-ஆம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கு. அதுலயும் இதே பாதுகாப்பு இருக்கு. 90 வருஷமாச் சட்டம் சொல்றதை, அஞ்சு மார்க் கேள்விக்குப் பதிலா எழுதிட்டு, வெளியே வந்து அதே கையால வவுச்சர் எழுதினேன் நான். மாமாவை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நேரடியாக் கேட்கிறேன். 30 கன செ.மீ. தாங்கற மெஷினுக்கு 64 கேட்கிற கட்டரை வாங்கினது யார்? ஆபரேட்டரா? எட்டு முனைன்னு மயங்கி மழுங்கின டிப்பைத் தேர்ந்தெடுத்தது யார்? "மெதுவா ஓட்டு, தண்ணி ஊத்து, பயந்து எடு"ன்னு பின்னாடி நின்னு சொன்னது யார்? வாங்கறப்போ அந்த அண்ணனை ஒரு வார்த்தை யாராவது கேட்டோமா? இருபது வருஷமா மெஷின் முன்னாடி நிக்கிறவர். காதை வெச்சே டிப் தேய்ஞ்சிருச்சான்னு சொல்றவர். அவரைக் கேட்காம வாங்கிட்டு, உடைஞ்சா மட்டும் அவர் பேர்ல எழுதறது எந்த ஊர் நியாயம்?

ஒரு ஞாயித்துக்கிழமை மேலே போட்ட கணக்கையெல்லாம் ஒரு தாள்ல எழுதி மாமா முன்னாடி வெச்சேன். "மெஷின் தொடத் தெரியாத பயல் எனக்கே பாடம் நடத்தறான்"னார். அப்புறம் ரொம்ப நேரம் பேசலை. தாளை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

அடுத்த வாரம் 50 மி.மீ. கட்டர் வந்துச்சு. இந்தத் தடவை கடைக்குப் போனது ஆபரேட்டர் அண்ணன். டிப்பைக் கையில எடுத்து, நகத்தில வெச்சுக் கூர் பார்த்து, ரெண்டாவது எழுத்தைப் படிச்சு வாங்கிட்டு வந்தார். மெஷின் இப்போ அலறலை. டீக்கடையில யாரும் திரும்பிப் பார்க்கிறதும் இல்லை. பிடிச்ச காசை மாமா திருப்பிக் கொடுத்தார். அந்த வவுச்சரையும் நான்தான் எழுதினேன். "எந்தத் தலைப்புல போடறது?"ன்னு கேட்டேன். "நீதானே கணக்கு படிக்கிறே, நீயே போட்டுக்கோ"ன்னார்.

"வாங்கினவர் தவறு"ன்னு போட்டேன். டிரையல் பேலன்ஸ் டேலி ஆச்சு :-)

டிஸ்கி 1: 100 மி.மீ. கட்டர் இப்போ ஷெட்ல பேப்பர் வெயிட்டா வேலை பார்க்குது. அந்த வேலையை மட்டும் ரொம்ப நல்லாப் பார்க்குது.

டிஸ்கி 2: 10 எச்.பி. மெஷின் வெச்சிருக்கிற புண்ணியவான்கள் இந்தப் பதிவைக் கண்டுக்க வேண்டாம். உங்களுக்குக் கேட்டலாக் இருக்கு. எங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லை.